பிள்ளைக்கு மருந்து

நூல் கோக்காமல் ஓடும் தையல் மெஷினின் சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. சுனாமிக்குப் பிறகு கல்முனைக் கரையோரத்துத் தகரக் கொட்டில்களில் வீட்டுக்கொரு மெஷின் கொடுத்திருந்தார்கள். பெண் என்றால் தைப்பாள் என்று நிவாரணம் கொடுத்தவர்களுக்கு யார் சொல்லி வைத்தார்களோ! பாதிப் பேருக்குத் தைக்கவே தெரியாது. ஆனாலும் எங்கள் டொக்டர் ராத்தாவுக்கு அந்த மெஷின்கள் நன்றாகப் பயன்பட்டன. கேள்வி கேட்கத் தொடங்குமுன், "காலால மிதிச்சிக்கிட்டே கதை புள்ள" என்பார். வெறுந்துணியில் ஊசி ஏறி இறங்கும். அந்தக் கடகடப்பில் தகரத்துக்கு அப்பால் இருப்பவர்களுக்கு ஒன்றும் விளங்காது.

எங்களுக்கெல்லாம் அக்கா மாதிரியான ராத்தா எங்கள் ஊரில் பிறந்தவர், டொக்டர் பட்டம் வாங்கிய பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர். வளைகுடா நாடுகளில் வேலை செய்துவிட்டு வரும் ஆண்களிடமிருந்து மனைவிமாருக்கு எச்.ஐ.வி. தொற்றாமல் தடுப்பது எப்படி, பிள்ளை பெறும் விடயத்தில் பெண்ணின் சொல் எவ்வளவு எடுபடுகிறது என்பதெல்லாம் அவருடைய பாடம். அவர் கேட்பார், உதவிக்குப் போன நான் பதில்களை எழுதிக்கொள்வேன். கொழும்புக் கூட்டங்களில், "உங்கள் பக்கம் வீடே பெண்ணின் பேரில்தானே, அவள் வைத்ததுதானே சட்டம்" என்று அவரை மடக்குவார்களாம். ராத்தாவுக்குச் சிரிப்பு வரும். "வீடு அவட பேரிலதான். மாப்பிள்ளை வந்து குடியிருக்கிறதும் அங்கதான். ஆனா உம்மாவும் தங்கச்சிமாரும் சுவருக்கு அந்தப் பக்கம் இரிக்கக்குள்ள அவ எதைத்தான் வாய் திறந்து கதைக்கிற?" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பார். அப்போதெல்லாம் அவர் நிறையச் சிரிப்பார்.

அப்படி மெஷினை மிதித்தபடி கதைத்தவர்களில் என் மாமி மகளும் ஒருத்தி, கலியாணமாகிச் சில வருடங்களாகியும் பிள்ளை உண்டாகாதவள். அவள் மாப்பிள்ளையைச் சவூதியிலிருந்து திருப்பி அனுப்பியிருந்தார்கள். "மெடிக்கலில என்னமோ வந்திட்டாம். என்னெண்டு கேட்டா ஏசுறார்" என்றாள். ராத்தாவின் முகம் மாறியது எனக்குத் தெரிந்தது. இருவரும் இரத்தம் சோதிக்க வேண்டும், அதுவரை ஆணுறை இல்லாமல் சேரக் கூடாது என்று மெதுவாகச் சொன்னார். அவள் பயந்துபோனாள். இந்த ஊர் ஆஸ்பத்திரியில் அந்தச் சோதனை அறைப் பக்கம் போனாலே கதை அவளுக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விடும். அவளுக்குக் கீழே நான்கு தங்கைகள். அக்காவுக்கு அப்படியொரு நோய் என்று பேச்சு வந்தால் அவர்களுக்கு மாப்பிள்ளை வராது.

அவளை ஒருவாறு சம்மதிக்க வைப்பதற்குள் காலம் ஓடி, யுத்தமும் முடிந்துவிட்டது. வீதித் தடைகள் எடுபட்டு, கொழும்புக்குப் போய்வருவது இலேசாகியிருந்தது. ராத்தாதான் வழி கண்டுபிடித்தார். "பிள்ளைக்கு மருந்து எடுக்கப் போறம் எண்டு சொல்லு. அதுக்கு ஆரும் மறிக்கமாட்டாங்க." உண்மைதான், யாரும் மறிக்கவில்லை. மாமி அல்லாஹ்விடம் துஆக் கேட்டு, சாப்பாடு கட்டிக்கொடுத்து வழியனுப்பினா. மாப்பிள்ளை மட்டும், "எனக்கென்ன குறை?" என்று சொல்லி வரவில்லை. சோதனையில் அவளுக்கு ஒன்றுமில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"எண்ட புள்ளைக்கு ஒரு குறையும் இல்லியாம்" என்று மாமி ஊரெல்லாம் சொன்னா. இனிப் பிள்ளைதான் என்று வீடே காத்திருந்தது. ஒருநாள் அவள் என்னைத் தனியே பிடித்து, "பிள்ளைக்கு மருந்து எடுக்கிற பொம்புள, உறை போடுங்க எண்டு மாப்பிள்ளையிட்ட எப்பிடிச் சொல்லுற மச்சி?" என்று கேட்டாள். அதை அப்படியே ராத்தாவிடம் போய்ச் சொன்னேன். இத்தனை பெண்களிடம் கேட்டு, இத்தனை கட்டுரை எழுதிய மனுஷி, அதையும் என் கொப்பியில் ஒரு கேள்வியாக எழுதிக்கொள்ளச் சொன்னார்.

அடுத்த சோதனையில் அவளுக்கும் நோய் வந்துவிட்டிருந்தது. விடயம் தெரிந்ததும் மாப்பிள்ளை தன் தாய் வீட்டுக்குப் போய்விட்டான். வெளியே அவன் மூச்சு விடவில்லை, அவனுக்கும் அது வசதிதானே. ராத்தா கொழும்பில் மருந்துக்கு ஏற்பாடு செய்தார். அதையும் அவள் பிள்ளைக்கான மருந்து என்றுதான் வீட்டில் சொன்னாள். வேறென்ன சொல்வாள்? மருந்துக் குளிசை தொடங்கிய நாட்களில் குமட்டிச் சத்தியெடுத்தாள், சோறு இறங்கவில்லை, உடம்பு ஒடுங்கியது. மாப்பிள்ளையும் இல்லை, பிள்ளையும் இல்லை, பிறகெதற்கு இந்த நஞ்சு என்று மாமி அத்தனை குளிசையையும் அள்ளிக் கிணற்றில் கொட்டினா. பெற்ற பாசத்தில்தான் கொட்டினா. திரும்ப வாங்கிக் கொடுத்தோம். அதையும் தேடிப் பிடித்துக் கொட்டினா. உம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடு என்று நானும் ராத்தாவும் மன்றாடினோம். "சொன்னா உம்மா தாங்கமாட்டா. தங்கச்சிமாரும் வீட்டோட இரிக்க வேண்டியதுதான். சொல்லமாட்டம் எண்டு ரெண்டு பேரும் சத்தியம் பண்ணுங்க" என்றாள். பண்ணினோம்.

அவள் கண்மூடி மவுத்தான அன்று ராத்தா வாசல்வரை வந்தார். மாமி எழுந்து ஓடி வந்து, "நீதான் சாகடிச்ச! பிள்ளைக்கு மருந்தெண்டு குடுத்து எண்ட புள்ளயக் கொண்டுபோட்ட!" என்று மண்ணை அள்ளி வீசினா. கூடியிருந்த பெண்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ராத்தா தப்பியிருக்கலாம். அவர் முக்காட்டில் விழுந்த மண்ணைக்கூடத் தட்டாமல் திரும்பிப் போனார். அதன்பிறகு எங்கள் பக்கம் ஒரு வீடும் அவருக்குக் கதவு திறக்கவில்லை. அவருடைய கட்டுரைகளை வெளிநாடுகளில் படிக்கிறார்களாம், பிள்ளைப்பேற்றுச் சிகிச்சையோடு சேர்த்து எச்.ஐ.வி. சோதனையும் செய்ய வேண்டும் என்று அவர் எழுதியதை மேற்கோள் காட்டுகிறார்களாம். நல்லது, அங்கேயாவது யாருக்காவது உதவட்டும்.

சென்ற மாதம் என் மகளுக்குக் கலியாணம் பேசி முடித்தோம். மாப்பிள்ளை வளைகுடாவில், கட்டாரில் வேலை செய்கிறார். நிக்காஹ்வுக்கு முன்னர் இரண்டு பேரையும் இரத்தம் சோதித்துப் பார்க்கலாமா என்று மகள்தான் கேட்டாள். எங்கோ படித்திருக்கிறாள். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. வீட்டுக்கு வந்திருந்த மாமி அதைக் கேட்டுவிட்டு, "அந்த டொக்டர்மார்ட பேச்சுக்கே போகாத மகள். சோதனை எண்டு தொடங்கி மருந்தில முடிப்பாங்க. எண்ட புள்ளயக் கொண்டது அந்த மருந்துதான். வேணுமெண்டா உண்ட உம்மாட்டக் கேளு" என்றா. மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். மாமிக்குப் பக்கத்தில், இன்னும் மாப்பிள்ளை அமையாத அவவின் கடைசி மகள் உட்கார்ந்திருந்தாள்.

"ஓம் மகள், அந்த மருந்துதான்" என்றேன்.