சலாம் வாங்கிய பலகை

தேவசிகாமணியின் எழுத்தைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மூன்று மாஜிஸ்திரேட்டுகள் சேர்ந்து உட்காரும் பெஞ்சு கோர்ட்டில் குமாஸ்தாவாக இருபது வருஷம் பேனா பிடித்தும் என் எழுத்து கோழி கிளறிய குப்பையாகத்தான் இருந்தது. அவரோ ஏணியில் நின்றுகொண்டு, பென்சில் கோடுகூடப் போடாமல், பலகையில் இங்கிலீஷ் எழுத்தை வரிசையாக இறக்குவார். ஒன்றுகூடக் கோணாது.

பாளையங்கோட்டை மிஷன் பள்ளியில் எட்டாவது வரை படித்தவர். கல்லறைக் கல்லில் பேர் எழுதுவார், கோயில் மணிக்கூண்டுக்கு வர்ணம் அடிப்பார். ஆனால் அவர் பேர் சொல்லும் வேலை வசனப் பலகைதான். நீலப் பலகை, வெள்ளை எழுத்து, பைபிளிலிருந்து ஒரு வேத வசனம். துரைமார் பங்களா வாசலுக்கு இங்கிலீஷில், மற்ற இடங்களுக்குத் தமிழில். ஆற்றுக்குத் தெற்கே எந்தச் சாலையில் போனாலும் அவருடைய பலகை ஒன்று கண்ணில் படும்.

நல்ல மனுஷர். ஒரே ஒரு கோளாறு. வாசிக்கத் தெரிந்தவன் யார், தெரியாதவன் யார் என்று ஆளைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்பார். சட்டை போட்டவன் முதல் கட்சி, முண்டாசு கட்டியவன் இரண்டாம் கட்சி. அதற்கு மேல் விசாரணை கிடையாது.

1912 ஐப்பசியில் அடித்த மழையில், மேலப்பாளையத்திலிருந்து ரயிலடிக்குப் போகும் வழியில் இருந்த வாய்க்கால் பாலத்தின் ஓரச் சுவர் விரிசல் விட்டது. பாலத்தின் மேல் குதிரை வண்டிகள் ஓடக்கூடாது, குதிரையை மெல்ல நடக்கவிட்டுத்தான் போகவேண்டும் என்று உத்தரவானது. பாலத்தின் இரு முனைக்கும் பலகை எழுதும் வேலை தேவசிகாமணிக்கு வந்தது. மேலே இங்கிலீஷ், கீழே தமிழ் என்று சீட்டில் தெளிவாகவே எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

மூன்றாம் நாள் பலகைகள் நின்றன. இரண்டிலும் இங்கிலீஷ் மட்டும்.

நான் தினமும் அந்தப் பாலத்தின் மேல்தான் கோர்ட்டுக்கு நடந்து போனேன். பலகையை வாசித்தேன். பக்கத்திலேயே ஜட்கா வண்டிகள் தடதடவென்று ஓடின. ஒரு வண்டிக்காரரையாவது நிறுத்தி, இதில் இன்னது எழுதியிருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. எழுத்தின் அழகைப் பார்த்துப் பொறாமைப்பட நேரம் இருந்தது, அதற்கு மட்டும் இல்லை.

பத்து நாள் கழித்து பாபநாசம் என்ற போலீஸ்காரர் பாலத்துக்குப் பக்கத்து மதகின் மறைவில் உட்கார்ந்தார். முதல் நாள் ஒரு ஜட்கா ஓடியபோதே பிடித்து எச்சரித்திருக்கலாம். அவர் மூச்சுக் காட்டாமல் மூன்று நாள் குறித்துக்கொண்டு, நாலாம் நாள் மேலப்பாளையம் ஷேக் மைதீனை மூன்று குற்றத்துக்கும் சேர்த்துப் பிடித்தார். மூன்று குற்றம் என்றால் வண்டி லைசென்சு ரத்து. அந்த ஜட்கா நின்றால் ஷேக் மைதீன் வீட்டில் ஆறு பேருக்கு அடுப்பு எரியாது.

வழக்கு வந்தது. பலகை முறைப்படி வைக்கப்பட்டிருந்தது என்று சாட்சி சொல்ல தேவசிகாமணியையும் அழைத்திருந்தார்கள். அவர் வெளுத்த கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து சாட்சிகளின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"மூணு நாளும் ஓட்டுனதோட விடல எஜமான்," என்றார் பாபநாசம். "பலகையப் பாத்து சலாம் வேற போட்டான். சர்க்கார் உத்தரவையே கேலி பண்ணுதான்."

மூன்று மாஜிஸ்திரேட்டுகளில் நடுவில் இருந்தவர் வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு கேட்டார்.

"சலாம் போட்டது நிஜமா?"

"நெசந்தான் எஜமான்," என்றார் ஷேக் மைதீன். "நீலப் பலகை, வெள்ளை எழுத்து. இந்த அண்ணாச்சி எழுதுத வேதக்காரங்க வசனம்னு நெனச்சேன். வேற மார்க்கமா இருந்தாலும் வேதம் வேதந்தானே? மரியாதைக்கு ஒரு சலாம் வச்சிட்டுப் போவேன். ரயிலுக்கு ஆள் ஏத்திட்டு ஓட்டுதவன், எறங்கி நிக்க முடியுமா?"

கோர்ட்டே சிரித்தது. தேவசிகாமணியும் சிரித்தார். ஷேக் மைதீன் மட்டும் சிரிக்கவில்லை.

"தமிழில் இருந்தால் மட்டும் வாசித்துக் கிழித்திருப்பாயாக்கும்," என்றார் நடு மாஜிஸ்திரேட்டு.

ஷேக் மைதீன் என் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் தொங்கிய அறிவிப்பைப் பார்த்தார். குரலை உயர்த்தாமல், எங்கும் தடுக்காமல் வாசித்தார். "கோர்ட்டு நடக்கும்போது யாரும் வெற்றிலை போடலாகாது. மீறுகிறவர்கள் வெளியேற்றப்படுவார்கள்." பிறகு, "நூல் கடையில நாலு வருசம் கணக்கெழுத நின்னேன் எஜமான். தமிழ் வாசிப்பேன், எழுதுவேன்," என்றார்.

நடு மாஜிஸ்திரேட்டு மெல்லுவதை நிறுத்தினார். நான் தேவசிகாமணியைப் பார்த்தேன். யாரும் கூப்பிடாமலே எழுந்து நின்றார்.

"தமிழும் எழுதணும்னுதான் உத்தரவு. நான்தான் விட்டுட்டேன். இவர் மேல தப்பில்ல."

"ஏன் விட்டீர்?"

தேவசிகாமணி கோட்டுப் பொத்தானைத் திருகினார். "பலகையில எடம் போதல."

வழக்கைத் தள்ளினார்கள். தமிழை உடனே எழுதி முடிக்கச் சொல்லி அவரைக் கண்டித்தார்கள். அதற்குப் பிறகு எந்த ஆபீஸிலிருந்தும் அவருக்குப் பலகை வேலை வரவில்லை. இப்படி ஆகும் என்று தெரிந்தேதான் எழுந்து நின்றார். அதற்காக அவரை இன்றும் மதிக்கிறேன். ஆனால் அந்தக் கடைசிப் பதில் பொய் என்று எனக்குத் தெரியும். தினமும் அந்தப் பலகையைப் பார்த்தவன் நான்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பும்போது அவர் வாய்க்கால் பாலத்தில் ஏணி போட்டு நின்றார். இங்கிலீஷுக்குக் கீழே தமிழில் முதல் வரி முடிந்திருந்தது. ஷேக் மைதீனின் ஜட்கா உள்ளே மூன்று பேருடன் வந்தது. பலகையருகே நிறுத்தினார்.

"எடம் போதலன்னு சொன்னீக. இன்னும் ஒரு முழம் கெடக்கே அண்ணாச்சி?"

தேவசிகாமணி ஏணியிலிருந்து இறங்கினார். தூரிகையை டப்பாவில் போட்டுவிட்டு வண்டிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"எடம் இருந்துச்சு மைதீன். ஜட்கா ஓட்டுதவங்களுக்கு வாசிக்கத் தெரியாதுன்னு நானா நெனச்சிக்கிட்டேன். அங்க நாலு பேர் முன்னால அதச் சொல்ல வாய் வரல."

ஷேக் மைதீன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எங்கள் இருவருக்குமே சௌகரியமாக இருந்திருக்கும்.

"ஒங்க வீட்டு சாலோமி மதினியையும் ஒங்களையும் எத்தன வாட்டி ரயிலடிக்குக் கொண்டு விட்டிருக்கேன். ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?"

தேவசிகாமணி சக்கரத்தை விட்டு விலகி நின்றார். ஷேக் மைதீன் கடிவாளத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு குதிரையைப் பாலத்தின் மேல் நடக்கவிட்டார். ரயிலுக்கு நேரமாகிறது, ஓட்டு, ஓட்டு என்று உள்ளே இருந்தவர்கள் கத்தினார்கள். அவர் ஓட்டவில்லை.