கல்கத்தாவிலிருந்து வந்த இரவல் புத்தகம்

காந்தாவின் தம்பி ராஜவேலுவின் ஆராய்ச்சிக்காக, கல்லூரி நூலகம் கல்கத்தாப் பல்கலைக்கழகத்திடம் இரவல் கேட்டிருந்த புத்தகம் வந்துவிட்டது; அவன் அதை வீட்டுக்கு எடுத்து வந்தான். தறியை விட்டு எழுந்து காந்தா அதை முகர்ந்து பார்த்தாள். எத்தனை ஆறுகளைத் தாண்டி வந்ததோ, ரயில் ஓடும் சத்தம்கூட அதற்குள் கேட்பதுபோல் இருந்தது. வீட்டுக்கு வரும் எந்தப் புதுப்பொருளுக்கும் பொட்டு வைப்பது அவள் வழக்கம். அட்டையில் வைக்கக் குங்குமத்தை விரலில் எடுத்தாள்.

“ஐயோ, அக்கா! இரவல் புத்தகம். கறை பட்டா இனிமே எனக்கு எதையும் வரவழைச்சுத் தரமாட்டாங்க.”

“நெய்யறதுக்கு முதலாளி குடுக்கிற பட்டு மாதிரியா?”

“அதே மாதிரிதான்.”

அதற்குமேல் அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. விரலில் இருந்த குங்குமத்தை வீணாக்காமல் தம்பியின் நெற்றியில் வைத்தாள்.

“அம்மாந்தூரத்திலேர்ந்து அது உன்னைத்தானேப்பா தேடிக்கினு வந்துது!” என்றாள்.