நான் கீறாத வீடு

லண்டனில் கட்டடக் கலைஞராகத் தனியே தொழில் தொடங்கிய புதிதில், இணையத்தில் தேடுபவர்களுக்கு என் பெயர் முதலில் வரவேண்டும் என்பதே என் கவலை. என் இணையதளத்தில் போட நல்ல படமில்லை. முன்பு என்னோடு வேலை செய்த மூத்தவர் ஒருவர் லண்டன் கோலியர்ஸ் வுட் பகுதியில் வரைந்த வீட்டின் படத்தை, என்னுடையது என்று போட்டுவிட்டேன்.

அதைப் பார்த்து ஒரு அம்மா என் அலுவலகத்துக்கு வந்தார்.

"இது நீங்கள் கீறினதோ, தம்பி?"

"ஓம்," என்றேன், கூசாமல்.

"இது எங்கட வீடு. என்ர மனிசன் கீறினது. அவர் செத்து ஆறு மாசம். அவர் கீறின வீடுகளைத் தேடேக்க உங்கட பேர் வந்தது."

படத்தை எடுத்துவிடுகிறேன் என்று கணினியைத் திறந்தேன்.

"படம் இருக்கட்டும். அவற்ற பேரைப் போடுங்கோ, அதுவே காணும்," என்று எழும்பிப் போனார்.

அன்றே போட்டேன். இன்றும் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் பலர் அழைக்கிறார்கள். அதை நான் கீறவில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.