எங்கள் பள்ளியின் நூறு சதவீதம்

எங்கள் ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியின் வாசலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. நிலம் கொடுத்த குடும்பத்தின் பெயர் அதில் பெரிதாகப் பொறித்திருக்கும். அந்த நிலத்தில் கொள்ளுகூட முளைத்தது கிடையாது; பாறையும் முள்ளும்தான். அந்தப் பாறையை உடைத்தவர்கள் எங்கள் தெரு ஆட்கள். வாரம் முழுக்க அதே குடும்பத்துத் தோட்டத்தில் கூலிக்கு உழைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு ஓர் ஆள் என்று வந்து, கூலி வாங்காமல் கல் சுமந்தார்கள். என் அப்பாவும் சுமந்தார். அவர்கள் பெயரை எழுதக் கல்லில் இடம் போதவில்லையாம். அப்பா இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

நான் படித்தபோது அது சிமெண்ட் ஷீட் போட்ட நீளமான கொட்டகை. தட்டிக்கு இந்தப் பக்கம் தமிழ், அந்தப் பக்கம் தெலுங்கு, கடைக்கோடியில் கன்னடம். எங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. ஆனாலும் தமிழ் படித்தால்தான் கம்பெனியில் வேலை கிடைக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அப்பா என்னைத் தமிழ்ப் பக்கம் உட்கார வைத்தார். பெருமழை பெய்தால் ஷீட் மேல் விழும் சத்தத்தில் மூன்று மொழியும் காதில் விழாது. அன்றைக்கு மட்டும் நாங்கள் எல்லோரும் ஒரே வகுப்பாக உட்கார்ந்து மழையை வேடிக்கை பார்ப்போம்.

பிறகு ஓசூர் எங்கள் பக்கம் நகர்ந்து வந்தது. முட்டைக்கோஸ் தோட்டங்களும் ராகிக் காடுகளும் ஒவ்வொன்றாகக் கம்பெனிகளாயின. நிலம் விற்றவர்கள் தங்கள் பிள்ளைகளை மஞ்சள் வேன் வரும் தனியார் பள்ளிக்கு அனுப்பினார்கள். அரசுப் பள்ளிக்கு மிஞ்சியது எங்கள் பிள்ளைகளும், தருமபுரியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் பிழைக்க வந்து லைன் வீடுகளில் குடியிருப்பவர்களின் பிள்ளைகளும்தான். இப்போது ஒடிசாக்காரர், பீகார்க்காரர் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். ஒரு கோடை விடுமுறையில், ஆள் இல்லை என்று தெலுங்குப் பிரிவை மூடினார்கள். யாரும் வாயைத் திறக்கவில்லை. இங்கிலீஷ் மீடியம் எப்போது வரும் என்று கேட்பதிலேயே எல்லோரும் மும்முரமாக இருந்தோம். அதுவும் வந்தது. அதே ஆசிரியர்கள் இங்கிலீஷ் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு தமிழில் பாடம் நடத்தினார்கள்.

ஆசிரியர்களையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. தெற்கே எங்கோ பிறந்து வளர்ந்து, முதல் வேலை இந்த எல்லை மாவட்டத்தில் போட்டதால் பெட்டியோடு வந்து இறங்குகிறவர்கள் அவர்கள். வந்த அன்றைக்கே ஊருக்குத் திரும்பும் கனவு தொடங்கிவிடும். வருடா வருடம் இடமாறுதல் கவுன்சிலிங் வரும்; பாதிப் பேர் போய்விடுவார்கள். பிள்ளைகள் ஒரு ஆசிரியரின் பேச்சைப் புரிந்துகொள்வதற்குள் அடுத்தவர் வந்துவிடுவார். சில சமயம் அடுத்தவர் வரவே மாட்டார். என் மகள் எட்டாவது போனபோது கணக்கு டீச்சர் இப்படித்தான் மதுரைப் பக்கம் போனார். அந்த இடம் காலியாகவே கிடந்தது.

இந்தப் பள்ளிக்குத்தான் நூறு சதவீதப் பைத்தியம் பிடித்தது.

ஒரு வருடம் பத்தாம் வகுப்பில் எல்லோரும் தேறிவிட்டார்கள். எப்படி என்று ஆசிரியர்களுக்கே ஆச்சரியம். சாலைக்குக் குறுக்கே பிளக்ஸ் கட்டினார்கள். பக்கத்துக் கம்பெனி ஒன்று, மூன்று வருடம் தொடர்ந்து நூறு சதவீதம் எடுத்தால் நான்கு வகுப்பறைகள் கட்டித் தருவதாக மேடையில் அறிவித்தது. வகுப்பறை வந்தால் பள்ளி மேல்நிலைப் பள்ளியாக உயர்ந்துவிடும், பதினொன்றாம் வகுப்பு இங்கேயே வந்துவிடும் என்று தலைமையாசிரியர் ஒவ்வொரு கூட்டத்திலும் சொன்னார். எங்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை. இங்கே பத்தாவது முடித்த பெண் பதினொன்று படிக்க இரண்டு பஸ் மாறி ஓசூருக்குப் போக வேண்டும். அதுவும் ஷிப்டுக்குப் போகிற ஆண்கள் அடைத்து நிற்கும் பஸ்ஸில். பயந்துகொண்டு எத்தனையோ வீடுகளில் பெண்ணைப் பத்தோடு நிறுத்தி, கொஞ்ச நாள் கழித்துக் கம்பெனிக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால் ஊரே நூறு நூறு என்று ஜபித்தது. நானும்தான்.

அடுத்த வருடமும் நூறு வந்தது. அது எப்படி வந்தது என்று கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிய வந்தது. ஒன்பதாவது முடிந்ததும், தேறாது என்று தோன்றுகிற பிள்ளைகளின் பெற்றோரைத் தனித்தனியாகக் கூப்பிடுவார்கள். நாற்காலி போட்டு, டீ வாங்கிக் கொடுத்து, இதமாகப் பேசி, டி.சி.யைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். ஒரு பையன் பாகலூரில் மாமா வீட்டுக்குப் போனான். ஒரு பெண் கர்நாடகப் பக்கம் அத்தை வீட்டுக்குப் போனாள். படித்தாளா என்று யாருக்கும் தெரியாது. போனவர்கள் சத்தம் போடவில்லை. அரசாங்கப் பள்ளியில் நாற்காலி போட்டு உட்கார வைத்ததே அவர்களுக்குப் பெரிய மரியாதையாக இருந்திருக்கும்.

மூன்றாவது வருடம் அந்த நாற்காலி எனக்கு வந்தது.

கார்களுக்கு வயர் கட்டுகிற கம்பெனியில் நான் லைனில் நிற்கிறேன். பிற்பகல் ஷிப்டு என்பதால் காலையில் மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். தலைமையாசிரியர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். மெதுவாகத்தான் பேசுவார்.

"ஏம்மா, உங்க நல்லதுக்குத்தான் சொல்லுதேன். பிள்ளைக்குக் கணக்கு சுத்தமா வரல. டி.சி.ய வாங்கி டுடோரியல்ல சேத்துவிட்டு, பிரைவேட்டா எழுதச் சொல்லுங்க. அவளுக்கும் டென்ஷன் இல்ல, நமக்கும் இல்ல."

"நமக்குன்னா யாருக்குங்க சார்?"

"பள்ளிக்கூடத்துக்குத்தாம்மா. நீங்க படிச்ச பள்ளிக்கூடம்லா."

எனக்கு வாய் நீளம் என்று தெருவில் ஏற்கெனவே பெயர் உண்டு. "கணக்கு வரலன்னு சொல்றீங்க, கணக்கு வாத்தியார்தான சார் வரல. அந்தப் பீரியட்ல பி.டி. சார் உக்காந்துகிட்டு, சத்தம் போடாதீங்கன்னு சொல்லிகிட்டு இருக்காரு. வாத்தியாரு போடாத கவர்மெண்டுக்கு டி.சி. குடுக்க முடியல, எம்பொண்ணுக்குக் குடுக்கறீங்களா?" என்று கேட்டேன். டீ வந்தது. நான் தொடவில்லை.

வீட்டில் சொன்னதும் என் கணவர் "பேடா" என்றார். பயம் வந்தால் அவருக்குக் கன்னடம்தான் வரும். "வேணாம்டி, வாத்தியாருங்கள பகைச்சுக்க வேணாம். பாப்பா அங்கதான் படிக்கணும்" என்றார். நான் கேட்கவில்லை. பிள்ளையை வெளியே அனுப்ப எந்தப் பள்ளிக்கும் உரிமை இல்லை என்று எங்கள் கம்பெனி யூனியன்காரர் ஒருவர் சொன்னார். அடுத்த திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு, கிருஷ்ணகிரிக்கு பஸ் ஏறி, கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்தேன். கேள்வி கேட்டு மேலிடத்திலிருந்து போன் வந்ததும் தலைமையாசிரியர் என்னை அழைத்து, "உங்க இஷ்டம்மா, படிக்கட்டும்" என்றார். அன்றைக்கு நான் தெருவில் நடந்த நடையே வேறு. என் அப்பா சுமந்த கல்லுக்கு இப்போதுதான் கூலி வந்தது என்று மகளிடம் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள்.

அந்த வருடம் அவள் படித்ததைப் போல அதற்கு முன் படித்ததில்லை. மெல்லக் கற்போர் என்று தனியாக உட்கார வைத்து மாலை வகுப்பு நடத்தினார்கள். தீபாவளி முடிந்து வேறு பள்ளியிலிருந்து ஒரு கணக்கு டீச்சர் வந்துபோனார்; பொங்கலோடு அவரும் நின்றுவிட்டார். மகளுக்கு முகம் வாடிப்போயிருந்தது. பத்தாவது படிக்கிற எல்லாப் பிள்ளைக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்து ஹார்லிக்ஸ் வாங்கி வைத்தேன்.

மே மாதம் ரிசல்ட் வந்தது. போனில் வந்த மெசேஜை நான்தான் முதலில் பார்த்தேன். நான்கு பாடங்களில் தேறியிருந்தாள். கணக்கில் ஒரு கேள்வி சரியாக எழுதியிருந்தால் தப்பித்திருப்பாள். பள்ளி முழுவதிலும் தேறாதவள் அவள் ஒருத்தி.

சண்டைக்கு யாரும் வரவில்லை. வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சண்டை எனக்குப் பழக்கம். தண்ணீர் லாரி வந்த நேரத்தில் நான் குடத்தோடு போனதும் எல்லோரும் திடீரென்று பேச்சை நிறுத்தினார்கள். எதிர்வீட்டுக்காரியின் மகளும் அந்த வருடம்தான் பத்தாவது தேறியிருந்தாள். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு எதிர்வீட்டுக்காரிதான் சொன்னாள்.

"நீ அன்னிக்கு ஒத்துகிட்டிருந்தா ஒண்ணும் ஆயிருக்காதுக்கா. உம்பொண்ணும் எங்கியாவது எழுதியிருப்பா. இப்ப பாரு, எம்பொண்ணு ரெண்டு பஸ் மாறிப் போவணும்னு அவங்கப்பா நிறுத்திட்டாரு."

"பதினொண்ணாவது இந்த வருசமே வந்திருக்குமா? கட்டடமே இன்னும் கட்டல."

"வந்திருக்கும்னாங்கல்ல."

அவ்வளவுதான். கம்பெனி அந்த நான்கு அறைகளைத் தேன்கனிக்கோட்டைப் பக்கம் வேறு ஒரு பள்ளிக்குக் கொடுத்துவிட்டது. தரம் உயர்த்தும் அறிவிப்பில் எங்கள் சுற்றுவட்டாரத்தில் ஒரு பள்ளியின் பெயரும் இல்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். நூறு எடுத்த பள்ளிகளின் பெயரும் இல்லை. இதை நான் கடையில், பஸ் ஸ்டாப்பில், கோயில் வாசலில் எல்லாம் சொல்லிப் பார்த்தேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு பெண்ணின் மேல் பழியைப் போடுவது எவ்வளவு வசதி. அரசாங்கத்தைத் திட்டுவதற்குப் பஸ் பிடித்து கிருஷ்ணகிரி போக வேண்டும். என் மகளைத் திட்டுவதற்கு ஜன்னலைத் திறந்தால் போதும்.

தலைமையாசிரியருக்கு அந்த வருடக் கவுன்சிலிங்கில் சொந்த ஊர்ப் பக்கமே இடம் கிடைத்துவிட்டது. பிரிவுபசார விழாவுக்கு ஷாமியானா போட்டார்கள். கூட்டத்துக்குப் போகாமல் இருந்தால் பயந்துவிட்டாள் என்பார்கள் என்று நானும் போனேன். மாலையோடு இறங்கி வந்தவர் என் முன்னால் நின்று, "பரவால்லம்மா, விடுங்க. நடந்தது நடந்துபோச்சு" என்றார். மன்னிக்கிறாராம். பக்கத்தில் நின்றவர்கள் எவ்வளவு நல்ல மனுஷர் என்று தலையாட்டினார்கள். என் வாழ்க்கையில் பதில் சொல்லாமல் வந்த இடம் அது ஒன்றுதான்.

துணைத்தேர்வில் மகள் தேறினாள். நான் மைசூர்பாகு வாங்கி வீடு வீடாகக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்கள், நல்லது என்றார்கள். அவளை ஓசூரில் பதினொன்றில் சேர்க்க ஏற்பாடு செய்துவிட்டு, "வா, பள்ளிக்கூடம் போயி எல்லா டீச்சருகிட்டயும் சொல்லிட்டு வரலாம். தலை நிமிந்து வா" என்று கூப்பிட்டேன். அவள் புது யூனிபாரத்துக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் வரலம்மா."

"ஏன்? உனக்கென்ன பயம்? நான் இருக்கேன்ல."

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "அன்னிக்கே டி.சி. வாங்கியிருந்தா நான் யாருக்கும் தெரியாம ஃபெயிலாயிருப்பேன்" என்றாள்.

உன் உரிமைக்காகத்தானே போனேன், உன்னை யாரும் வெளியே தள்ளக் கூடாது என்றுதானே போனேன் என்று கத்தினேன். அவள் குரலை உயர்த்தவில்லை.

"வருசம் பூரா பிரேயர் முடிஞ்சதும் என்னை மட்டும் தனியா நிறுத்துவாங்க. எல்லா மிஸ்ஸும் ஒரே பேச்சுதான். 'உங்கம்மா சண்டை போட்டு உக்கார வெச்சுட்டாங்க, எங்க நூறைக் கெடுத்துடாதே.' பசங்க என்னைப் பேரு சொல்லியே கூப்பிடல, நூறுன்னுதான் கூப்பிடுவாங்க. பரீட்சையில கணக்குப் பேப்பர் கைக்கு வந்ததும் தெரிஞ்ச கணக்குகூட மறந்துபோச்சும்மா."

"இதையெல்லாம் ஏன்டி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னா நீ மறுபடியும் கிருஷ்ணகிரிக்குப் போயிருப்பே."

போயிருப்பேன். அடுத்த பஸ்ஸுக்கே போயிருப்பேன். அவளுக்கு என்னை நன்றாகத் தெரிந்திருக்கிறது.