டார்ச்சு பட்ட மொளப்பாரி

எங்க புத்தூர் தெரு அம்மனுக்கு மொளப்பாரி எடுக்கறதுன்னா என் வீட்டுக்காரிக்கு உசுரு. சட்டில வைக்கோலும் எருவும் போட்டு, மேல ஊறவெச்ச பயறு தூவி, மாடிப்படிக்குக் கீழ இருக்கற இருட்டு ரூம்புல வெச்சுடுவா. வெளிறி, மஞ்சளா, நெடுநெடுன்னு வரணும். குட்டையா நின்னா வீட்டுக்கு ஆகாதும்பா. சட்டி மணப்பாறை சந்தைல வாங்குனது. மாடு பாக்கத்தான் போனேன்; முறுக்கும் சட்டியும்தான் வந்துச்சு. அது கெடக்கட்டும்.

இந்த வருசம் பயறு வெரல் நீளத்துல நின்னுபோச்சு. அதுவும் பச்சப்பசேல்னு. ஸ்ரீரங்கத்துல இருக்கற அவ தங்கச்சியும் நம்ம கோயிலுக்குத்தான் எடுக்கும். தெனம் காலைல போன் போட்டு, "எனக்கு மொழங்கை ஒசரம் வந்துருச்சுக்கா, ஒனக்கு?"ன்னு கேக்கும். இவளுக்கு அழுகையே வந்துரும். அந்தக் கோவம் எம்மேல திரும்புச்சு.

"ஏங்க, காப்புக் கட்டுனப்புறம் முட்டை கிட்டை தின்னீங்களா?"

"சத்தியமா இல்லடி."

"பஸ் ஸ்டாண்டு கடைல முட்டைக் கலக்கி போடறத பாத்துக்கிட்டு நின்னீங்களாமே?"

"பாத்தா வெரதம் போயிடுமா?"

"பயறக் கேளுங்க."

பாத்ததுக்கே இந்தப் பாடுன்னா, தின்னே இருக்கலாம்.

எங்க மருமக காலேஜ்ல செடிகொடி பாடம் எடுக்குது. "ரூமத் தெறந்தீங்களா அத்தை?"ன்னுச்சு.

"தெறக்காம? தங்கச்சி போன வெச்சதும் டார்ச்ச அடிச்சு ஒரு பார்வ. மத்தியானம் ஒண்ணு, பொழுதுசாய ஒண்ணு. பாக்காம எப்படி நிம்மதியா இருக்கறது?"

மருமக சிரிச்சுட்டு சொல்லுச்சு: "விதைக்குள்ள ஜீன்னு இருக்கு அத்தை. இருட்டுல நீளறதுக்கான ஜீன்தான் வேலை செய்யும். துளி வெளிச்சம் பட்டாலும் அது அடங்கிடும், பச்சையாக்கற ஜீன் முழிச்சுக்கும். வெயில் வந்துருச்சு, இனி நீள வேணாம், சமைச்சு சாப்பிடலாம்னு செடி நெனச்சுக்கும்."

எனக்குப் புரிஞ்சுது. இவ உள்ள நொழைஞ்சா நானும் அப்படித்தான், நீட்டிப் படுத்திருந்தவன் வெடுக்குன்னு எந்திரிச்சு வேலை பாக்கறவனாயிடுவேன்.

அதோட போன எங்கிட்ட குடுத்துட்டா. தங்கச்சி கூப்புட்டப்பல்லாம் "அக்கா குளிக்குது"ன்னேன். அந்தம்மா பயந்துபோய், "அக்காவுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா மாமா?"ன்னுச்சு.

ஊர்வலத்துல தங்கச்சியோட மஞ்சப் பயறு, பஸ்சு போன காத்துக்கே தலைய சாச்சுருச்சு. இவளோட குட்டப் பச்சை அசையல. "என்னக்கா, உன்னுது இப்புடி நிக்குது?"ன்னதுக்கு, "நான் பாத்துப் பாத்து வளத்தது"ன்னாளே பாக்கணும்!

உய்யக்கொண்டான் வாய்க்கால்ல கரைச்சுட்டு வந்த மறுநாள், என் மூஞ்சியப் பாக்காம சொன்னா: "கடைக்குப் போனா முட்டை வாங்கிட்டு வாங்க. உங்களுக்கு ரெண்டு."