ஒரு மாசக் கொத்தனார்

ஒரு மாதம் போய் வீடு கட்டக் கற்றுக்கொண்டு வந்தால் பிரயோஜனம் உண்டா என்று என்னிடம் கேட்கிறார்கள். நான் எதற்குக் கற்றேன் என்று ஒருவரும் கேட்பதில்லை. என் சித்தப்பாவின் வயிறு எரிய வேண்டும் என்று கற்றேன்.

அப்பா போனதும் பாகம் பிரித்தார்கள். பாகூரில் எங்கள் ஓட்டு வீடு சித்தப்பாவுக்கு. அதை ஒட்டிய மனையும் மாட்டுக்கொட்டகையும் எனக்கு. கைக்குழந்தையோடு என் மனைவி அந்தக் கொட்டகையில் குடியிருந்தாள். அதோடு விட்டாரா மனுஷன்? தன் ஓட்டுக் கூரையின் இறவாரத்தை என் மனைமேல் இரண்டு முழம் நீட்டினார். அவர் கூரையில் பெய்த மழையெல்லாம் எங்கள் பாய்க்கு வந்தது. அடுத்த மழைக்குள் ஒரு வீடு எழுப்பிவிட வேண்டும் என்று கொத்தனார்களைத் தேடிப் போனேன்.

"உங்க சித்தப்பாதாம்பா எங்களுக்கு வருஷம் பூரா வேல குடுக்கறாரு. நீ கோவிச்சுக்காத" என்றார்கள். ஒருவனும் வரவில்லை.

அந்தச் சமயத்தில், புதுச்சேரியில் ஒரு வெள்ளைக்கார இஞ்சினியர் வீட்டுக்கு வரைபடம் போடவும் சுவர் வைக்கவும் ஒரு மாதத்தில் கற்றுத்தருகிறார் என்று சந்தையில் தமுக்கடித்தார்கள். நடவு நேரம். போவதா வேண்டாமா என்று தவித்தேன். விஷயம் சித்தப்பா காதுக்குப் போயிற்று.

"இன்னாடா, ஒரு மாசத்துல கொத்தனாரா? பத்து மாசம் சுமந்து பெத்தே நீ இன்னும் ஆளாவலையேடா!" என்று நாலு பேர் நடுவில் சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது.

மனைவி ஈரப் பாயை உதறிக்கொண்டே, "நடவ நான் பாத்துக்கறேன். நீ போ. கத்துக்காம மட்டும் திரும்பி வராத" என்றாள்.

பாகூரும் புதுச்சேரியும் பிரெஞ்சுக்காரனுடையவை, நடுவில் உள்ள ஊர்கள் இங்கிலீஷ்காரனுடையவை. வழியில் அவன் சுங்கச் சாவடியில் மூட்டையை அவிழ்த்துக் காட்டிவிட்டுப் புதுச்சேரி போய்ச் சேர்ந்தேன். அந்த ஒரு மாதத்தின் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். அது யாரையும் கொத்தனாராக்காது. கூரையைப் பற்றி அங்கே மூச்சே விடவில்லை. நான் எழுப்பிய முதல் சுவர் வயிறு தள்ளி நின்றது. துரை காலாலேயே தள்ளிவிட்டார். ஆனால் மனையை அளந்து காகிதத்தில் வரையவும், தூக்குக்குண்டு பிடித்துச் சுவரை நேராக ஏற்றவும் வந்துவிட்டது. எனக்கு வேண்டியதும் அதுதான்.

எங்கள் பக்கத்தில் சுவர் வைக்கிறவன், அடுத்த வீட்டு இறவாரத் தண்ணீருக்கு இடம் விட்டுத் தள்ளித்தான் வைப்பான். அது ஒரு மரியாதை. நானும் அப்படித்தான் செய்வேன் என்று சித்தப்பா நம்பியிருந்தார். ஒரு விரற்கடை விடவில்லை நான். எல்லையில் கயிறு கட்டி, கயிற்றை ஒட்டியே என் பக்கம் கடைக்கால் தோண்டினேன். மனைவி சுண்ணாம்புக் கலவை குழைத்துக் கொடுத்தாள்.

சித்தப்பா எங்கள் கொம்யூனுக்குத் தலைவரான மேரிடம் ஓடினார். மேர் அனுப்பிய ஆள் வந்து அளந்து பார்த்தார். "அவன் மனையிலதான் அவன் கட்றான். நீட்டினது நீங்க. எடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். சித்தப்பா ஒவ்வொரு ஓடாகப் பிரித்து இறக்கியபோது, நான் சாரத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டேன். அடடா, அப்படி ஒரு ருசி அப்புறம் எந்த வெற்றிலையிலும் இல்லை.

கூரைக்கு நெட்டப்பாக்கத்திலிருந்து மச்சான் வந்து கீற்று வேய்ந்தார். ஐப்பசி மழை பிடித்தது. இறவாரம் போன சித்தப்பா வீட்டில், கூரைத் தண்ணீர் அவருடைய மண்சுவர் வழியாகவே இறங்கி உள்ளே போயிற்று. ஒரு மத்தியானம் தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு என் வாசலில் வந்து நின்றார்.

"செவுரு சரியுதுடா. உன் பக்கத்துலேருந்து செவுரு மேல ஏறி நின்னு வேல பாத்தாத்தான் தண்ணிய திருப்ப முடியும். கொத்தனாருங்கள உள்ள வுடுடா."

"கொத்தனாருங்க எதுக்கு சித்தப்பா? புதுச்சேரிக்குப் போங்க. ஒரு மாசந்தான். கத்துக்கினு வந்து உங்க பக்கமா நின்னு நீங்களே கட்டிக்குங்க."

கதவைச் சாத்தினேன். உள்ளே குழந்தை காய்ந்த தரையில் தூங்கிக்கொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் மண் பொத்தென்று விழும் சத்தம் கேட்டது. குழந்தையின் பக்கத்தில் பாயைப் போட்டுப் படுத்து நானும் நன்றாகத் தூங்கினேன்.