இரை தொட்ட கை

செவ்வாய்க்கிழமை விடியற்காலை ஐந்து பத்துக்குச் செய்தி வந்தது. சுயம்புராஜ் அப்போது இரணியலில் தன் வீட்டு அடுக்களையில் கட்டன்காப்பிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார். போனில் ரசலையனின் பெயர் தெரிந்தது. அந்த நேரத்தில் ரசலையன் குலசேகரத்தில் நெற்றிவிளக்கைக் கட்டிக்கொண்டு தன் ரப்பர் மரங்களில் பால் வெட்டிக்கொண்டிருப்பார். வேலைக்கு நடுவே யாரையும் கூப்பிட மாட்டார். பேசியது அவர் மனைவி ஜெபகுமாரி.

"அண்ணே, அவரு எழும்பல்ல. பால்வெட்டப் போவாம கிடக்காரேன்னு தொட்டுப் பாத்தேன். தணுத்துக் கிடக்காரு."

சுயம்புராஜ் அடுப்பை அணைத்தார். சட்டை எடுக்க உள்ளே போனபோது அலமாரியின் மேல் தட்டில் வெள்ளைத் துண்டில் சுற்றி வைத்திருந்த கேமரா கண்ணில் பட்டது. ரசலையனின் கேமரா. மூன்று நாளைக்கு முன் அதைக் கடலில் போட்டவர் சுயம்புராஜ்தான். ஜெபகுமாரிக்கு அது தெரியாது.

இருவரும் கல்லூரியில் ஒரே பெஞ்சு. படித்து முடித்து சுயம்புராஜ் ரயில்நிலையத்துப் பக்கம் ஜெராக்ஸ் கடை போட்டார். ரசலையன் கொஞ்ச நாள் மார்த்தாண்டத்தில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிவிட்டு, அப்பா விட்டுப்போன ரப்பர் தோட்டத்துக்கே திரும்பினார். பன்னிரண்டு வருஷமாகச் சனிக்கிழமை மத்தியானம் ஆளுக்கொரு பைக்கில் புறப்பட்டுப் புதுக்கடை ஜங்ஷனில் சந்திப்பார்கள். ஒரு சாயா. அங்கிருந்து கடற்கரை. சுயம்புராஜுக்குத் தூண்டில். ரசலையனும் பேருக்கு ஒரு தூண்டிலை மண்ணில் நட்டு வைப்பார், ஆனால் அவர் கண் கேமராவில்தான் இருக்கும். ஞாயிறு காலையில் ரசலையன் ஆராதனைக்குப் போக வேண்டியவர் என்பதால் இருட்டும் முன் திரும்பிவிடுவார்கள்.

கேமராவை அனுப்பியது ரசலையனின் மகள் ரெஜிலா. குவைத்தில் நர்ஸ். பதிலுக்கு அவள் கேட்டது ஒன்றே ஒன்று: சனிக்கிழமைதோறும் ஒரு கடற்கரைப் படம். அது ஒருவாரமும் தவறியதில்லை.

கடற்கரையில் ஒரு கேமராவைக் காப்பாற்றுவது சின்ன வேலையில்லை. முதல் வருஷம் ரசலையன் அதற்கு உறை செய்தார். அவருக்குத் தெரிந்த பொருள் ரப்பர் பால். கட்டித்துணியில் பை தைத்து, அதன்மேல் பாலை ஆறு தடவை பூசிக் காயவைத்தார். குடத்துத் தண்ணீரில் முக்கிப் பார்த்தார். உள்ளே ஒரு பொட்டு இறங்கவில்லை. பெருமையோடு கடற்கரைக்குக் கொண்டுவந்தார். வெயில் ஏறியதும் உறை இளகிப் பிசுபிசுவென்று ஆனது. கீழே வைத்து எடுத்தபோது கரையில் இருந்த மண் பாதி அதில் ஒட்டியிருந்தது.

"நல்லதாக்கும் மக்கா," என்றார் சுயம்புராஜ். "இனி மண்ணு கேமராவுக்குள்ள போவாது. கேமராதான் மண்ணுக்குள்ள போவும்."

"நீ சிரி. பவுடர் போட்டா ஒட்டாது, பாத்துக்க."

அடுத்த வாரம் உறை முழுக்க முகப்பவுடர் பூசி வந்தார். லென்ஸுக்குள் பவுடர் போயிற்று. அன்று எடுத்த படத்திலெல்லாம் கடலுக்கு மேலே பனி பெய்தது. ரெஜிலா, "அப்பா, ஊட்டிக்குப் போனியளா?" என்று கேட்டு அனுப்பியிருந்தாள்.

அதற்குப் பிறகுதான் அவர் முறைகள் ஒவ்வொன்றாக உண்டாயின. மூடி இறுகும் சோற்று டப்பா. வீட்டில் துவைத்துக் காயவைத்த இரண்டு துண்டு. ஒன்று கைக்கு, ஒன்று கேமராவுக்கு, மாறக் கூடாது. லென்ஸைக் கழற்றுவதென்றால் வீட்டில்தான். கண்ணாடியில் மண் பட்டால் துடைக்கக் கூடாது, ஊத வேண்டும். வாயாலும் ஊதக் கூடாது. அதற்காக மீன்காரர் ஒருவரின் பழைய பைக் ஹாரனிலிருந்து ரப்பர் குமிழைக் கழற்றி வாங்கி வைத்திருந்தார். திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் வெளிப்புறத்தை ஒற்றி உப்பை எடுப்பார்; மூன்றுகால் ஸ்டாண்டையும் திருகு கழற்றிக் கழுவுவார். இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம்: இரை தொட்ட கை கேமராவைத் தொடக் கூடாது. சுயம்புராஜின் கையில் எந்நேரமும் தூண்டிலில் கோக்கும் சாளைமீன் துண்டின் வாடை இருந்ததால் பன்னிரண்டு வருஷத்தில் அந்தக் கேமராவை அவர் ஒருமுறைகூடப் பிடித்ததில்லை.

கடைசிச் சனிக்கிழமை நாலரை மணிக்கு ரசலையனின் தூண்டில் வளைந்தது. பேருக்கு நட்டு வைத்த தூண்டில். அவர் கேமராவை டப்பா மூடியின்மேல் வைத்துவிட்டு ஓடினார். மீன் இழுத்த இழுப்பில் முழங்கால் வரை தண்ணீருக்குள் போனார். கால் மணி நேரம் விட்டும் பிடித்தும் கரைக்குக் கொண்டுவந்தார். கை நீளத்துக்கு ஒரு பாரை. அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்த மனிதர் நின்ற நிலையைப் பார்த்ததும் சுயம்புராஜுக்குச் சட்டமெல்லாம் மறந்துபோயிற்று. கேமராவை எடுத்தார். வாரைக் கழுத்தில் மாட்டவில்லை. மீனும் ஆளும் படத்துக்குள் அடங்க வேண்டுமே என்று பொத்தானை அழுத்திக்கொண்டே ஒவ்வொரு அடியாகப் பின்னால் போனார். பின்னால் இருந்தது கடல்.

அலை முதுகில் அடித்தபோது கேமரா கையிலிருந்து நழுவியது.

ரசலையன் கத்தவில்லை. மீனைப் போட்டுவிட்டு வந்து கேமராவைத் தூக்கினார். பொத்தானை அழுத்தவில்லை. பேட்டரியைக் கழற்றினார். கார்டு இருக்கும் சின்னக் கதவைத் திறக்கப் பார்த்தார். மண் கடித்துக்கொண்டு அது வரவில்லை. "வலிச்சா ஒடிஞ்சிரும். காயட்டும், மண்ணு தன்னால உதிரும்" என்றார். குடிக்க வைத்திருந்த தண்ணீரில் துணியை நனைத்து மெல்ல ஒற்றினார்.

"ஏலே, நான் வேற ஒண்ணு வாங்கித் தாரேன்."

"நீ சும்மா இரி. இத உனக்க வீட்டுல வை. எனக்க வீட்டுக்காரி கண்டா நம்ம ரெண்டு பேரையும் இனி கடலுக்கு விடமாட்டா. செவ்வாக்கிழமைக்கு முன்ன தொறக்காண்டாம், கேட்டியா?"

செவ்வாய்க்கிழமை வந்தது. டாக்டர் இதயம் என்றார், தூக்கத்திலேயே என்றார். ரெஜிலா வந்து சேர்வதற்காக அடக்கத்தை வியாழனுக்கு வைத்து, உடலைப் பிணவறையில் குளிரில் வைத்தார்கள். மத்தியானம் குவைத் விமான நிலையத்திலிருந்து அவள் சுயம்புராஜைக் கூப்பிட்டாள்.

"மாமா, சனிக்கிழமை அப்பா கடலுக்கு வந்தாரா?"

"வந்தான் மக்ளே."

"படம் வரல்ல. கேட்டதுக்கு, வெளிச்சம் செரியில்லன்னு சொன்னாரு. இத்தன வருஷத்துல அப்படிச் சொன்னதே இல்ல. அன்னைக்கே அவருக்குச் சுகமில்ல மாமா. எனக்கிட்ட மறைச்சிருக்காரு. நான் நர்ஸாக்கும். ரெண்டு கேள்வி கேட்டிருந்தா கண்டுபிடிச்சிருப்பேன். நான் செரின்னு போன வச்சிட்டேன்."

"நல்லாத்தான் இருந்தான் மக்ளே. சத்தியமா."

"எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாவ மாமா."

அப்போதே கேமராவைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். செத்தவனின் பொருளை நாசமாக்கி அலமாரியில் ஒளித்து வைத்திருப்பவன் என்று அந்தப் பெண் நினைப்பாளே என்றிருந்தது. ஆனால் அவர் சொல்லாதவரை அவள் தன்னைத்தான் குற்றவாளியாக வைத்திருப்பாள். சனிக்கிழமை ரசலையன் எப்படி இருந்தார் என்பதற்கு வேறு சாட்சி கிடையாது. இருந்தால் அந்தச் சின்னக் கதவுக்குள் இருக்க வேண்டும்.

சாயங்காலம் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு சோப்புப் போட்டு இரண்டு தடவை கை கழுவினார். முகர்ந்து பார்த்து மூன்றாவது தடவையும் கழுவினார். துண்டை விரித்து அதன்மேல் கேமராவைச் சரித்துப் பிடித்து அடிப்பக்கத்தை விரலால் தட்டினார். மண் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்தது. நகத்தால் நெம்பத் தோன்றியபோதெல்லாம் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அரைமணி நேரத்துக்குப் பிறகு கதவு தானாகவே வழிவிட்டது. கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டார். ஒன்றும் தெரியவில்லை. எடுத்துப் பார்த்தால் பித்தளை நிறக் கோடுகளில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. கடையில் விற்கும் அழிரப்பர் ஒன்றைப் பிரித்து அந்தக் கோடுகளை மெல்லத் தேய்த்து மறுபடியும் போட்டார்.

சனிக்கிழமை எடுத்த ஒன்பது படங்கள் இருந்தன.

வியாழன் காலையில் ரசலையனின் வீட்டில் ஜெபம் தொடங்கும் முன் ரெஜிலாவை அடுத்த அறைக்குக் கூப்பிட்டார். விமானத்திலிருந்து இறங்கி வந்தவள் இன்னும் அழவில்லை என்று ஜெபகுமாரி சொல்லியிருந்தாள். சுயம்புராஜ் நின்றுகொண்டே சொன்னார்.

"மக்ளே, கேமராவ நான் கடல்ல போட்டேன். அதாக்கும் படம் வராதது. வெளிச்சத்துக்கு ஒரு குறையும் இல்ல. அவன் எனக்காகப் பொய் சொல்லியிருக்கான்."

படங்களை மாற்றி வைத்திருந்த தன் போனை அவர் நீட்ட, அவள் வாங்கினாள். மீனைத் தூக்கிப் பிடித்த அப்பா. அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கினாள். மீனைப் பார்க்கவில்லை. உதட்டைப் பார்த்தாள். கழுத்தைப் பார்த்தாள். மீனின் செவுளுக்குள் போயிருந்த விரல்களின் நகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அடுத்த படம், அதற்கடுத்தது. ஒன்பதையும் அப்படிப் பார்த்து முடிக்க நேரம் பிடித்தது.

"இத எவ்வளவு நேரம் இழுத்தாரு மாமா?"

"கால் மணி நேரம்."

"இடையில எங்கயும் உக்காரல்லியா? நெஞ்சப் பிடிக்கல்லியா?"

"இல்ல மக்ளே. எனக்க மேலதான் வெசவு. கயித்த மிதிக்காதலேன்னு."

கடைசிப் படத்தில் ரசலையன் ஏதோ கூப்பிடுவதுபோல வாயைத் திறந்திருந்தார். அலை வருகிறதென்று சொல்லியிருக்க வேண்டும். படம் ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது.

"இத நீங்க எடுத்தியளா?"

"நான்தான்."

"பாத்தாலே தெரியுது," என்றாள் ரெஜிலா. பிறகு கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். சுயம்புராஜ் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தார்.

அடக்கம் முடிந்து ஆட்கள் போன பிறகு கை கால் கழுவக் கிணற்றடிக்குப் போனார். சுவரில் கேமராவின் மூன்றுகால் ஸ்டாண்டு சாத்தி வைத்திருந்தது. ஜெபகுமாரி வாளியை நகர்த்திக் கொடுத்துக்கொண்டே சொன்னாள்: "திங்கக்கெழம அந்திக்கு இத வச்சு கழுவிட்டிருந்தாரு அண்ணே. நான்தான் கஞ்சி ஆறுதுன்னு கூப்பிட்டேன். நாளைக்குப் பாக்கலாம்னு எழும்பி வந்தாரு."

சுயம்புராஜ் அதை எடுத்துப் பார்த்தார். இரண்டு கால்கள் திருகு கழற்றி, கழுவி, எண்ணெய் தொட்டு மாட்டியிருந்தன. மூன்றாவது காலின் திருகு மண் கடித்துத் திரும்பவில்லை.